வேட்பாளர் தேவசகாயத்தின் இரண்டு அறிமுகங்கள்

மாலை வகுப்புக்காக எங்கள் வார்டு வேட்பாளர் தேவசகாயத்தின் பின்னணியையும் கொள்கையையும் எழுத வேண்டியிருந்தது. சந்தையில் மீன் கடை வைத்திருக்கும் அம்மாவின் போனில் அவருடைய பிரச்சாரச் செயலி காட்டிய அறிமுகத்தில் அவர் மீன் விற்ற தாயின் மகன். சந்தையைக் காப்பேன் என்கிறார். மினி பஸ் ஓட்டும் அப்பாவின் போனில் அதே செயலியில் அவர் டிரைவரின் மகன். சந்தையை இடித்துச் சாலையை அகலமாக்குவேன் என்கிறார். நான்தான் தவறாகப் படிக்கிறேனோ என்று மூன்று முறை ஒப்பிட்டேன். படமும் பிறந்த தேதியும் ஒன்றுதான்.

இருவரும் காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டார்கள்.

"இருபத்தாறு வருசத்துல இப்பதான்டி நானும் உங்கப்பாவும் ஒரே ஆளுக்குப் போட்டிருக்கோம்," என்று அம்மா சிரித்தாள்.

தயக்கத்தோடு இரண்டையும் வாசித்துக் காட்டினேன். அம்மாவின் சிரிப்பு நின்றது.

"எனக்கு வந்ததுல முதல்ல சந்தையைப் பத்தி ஒண்ணுமே இல்ல," என்றார் அப்பா. "தினமும் உங்களுக்கு என்ன தொந்தரவுன்னு அந்த ஆப் கேட்டுச்சு. சந்தைதான்னு சொன்னேன். மறுநாள் அவர் கொள்கையில அது வந்துடுச்சு."

"அங்கதான என் கடை இருக்கு. அது ஞாபகம் வரலயா?"

"வந்துச்சு," என்றார் அப்பா. "நான் சொன்னது உனக்குத் தெரியவராதுன்னு நெனச்சேன்."