வெளிநாட்டில் ஒரு மாதம்

வெளிநாட்டில் ஒரு மாதமாவது தங்கிப் படித்திருந்தால்தான் பட்டம். தெற்காசியவியல் எம்.ஏ.வுக்கு அப்படியொரு விதி. அதிலிருந்து விலக்கு கேட்டு, துறைத்தலைவர் அறைக்கு நடையாய் நடந்து அலுத்துவிட்டாள் தர்சிகா.

"பாஸ்போர்ட் எடுன்னு எத்தனை தடவைம்மா சொல்றது?" என்று அவர் சலித்துக்கொண்டார்.

"எனக்குத் தர மாட்டேங்கறாங்க சார்."

"திருச்சி ஏர்போர்ட் பக்கத்துலயே வீடு. கூடப் படிக்கிறவங்க எல்லாம் கொழும்பு போயிட்டு வந்துட்டாங்க. உனக்கு மட்டும் என்ன?"

அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்ப நான் ஏற்கெனவே தங்கினதைக் கணக்குல எடுத்துக்கங்க சார். பொறந்ததுலேருந்து வெளிநாட்டுலதான் இருக்கேன்."

"எந்த நாட்டுல?"

"இந்தியாவுல சார். கொட்டப்பட்டு இலங்கை அகதிகள் முகாம்ல."