கட்டுத்தறையில் ஒரு மாடு

வடகரப்பதிப் பக்கம் மழை பொய்த்த வருஷம். கறவை மாடு இருப்பவர்களுக்கு மட்டும் தீவன மானியம் என்றார்கள். காளிச்சாமி விடிந்ததுமே கட்டுத்தறையைக் கூட்டி, மாட்டைக் கழுவிக் கட்டிவிட்டார்.

பார்வையிட வந்த ஆபீசர் செல்போனை எடுத்தார். “மாட்டை ஒட்டி நில்லுங்க, ஒரு படம் எடுத்துக்கறேன்.”

காளிச்சாமி அதன் முதுகில் கை வைத்ததும் மாடு காலை உதறித் துள்ளி விலகியது.

“என்னங்க, உங்களையே ஒதைக்க வருது?”

“புது ஆளைக் கண்டா இப்படித்தானுங்க சார்.”

ஆபீசர் சிரித்துக்கொண்டே படம் பிடித்தார். “பக்கத்து ஊட்டையும் இன்னிக்கே பாத்துடறேன்.”

காளிச்சாமி குறுக்கே வந்து நின்றார். “அவங்களுக்கு நாளைக்குன்னு சொன்னீங்களே?”

“இவ்வளவு தூரம் வந்தாச்சே” என்று அவர் வேலியைத் தாண்டிவிட்டார்.

அங்கே கட்டுத்தறை வெறுமையாகக் கிடந்தது. அந்த வீட்டுக் கமலாத்தாள் புருஷன் போனபிறகு பால் ஊற்றிப் பிழைக்கிறவள்.

“மாடு எங்கம்மா?”

அவள் வேலிக்கு இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். காளிச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வித்துப்போட்டனுங்க.”

“அப்ப மானியம் இல்லீங்க” என்று ஆபீசர் வண்டியைக் கிளப்பினார்.

சத்தம் அடங்கியதும் கமலாத்தாள் வந்தாள். ஏச்சு வாங்கத் தயாராகக் காளிச்சாமி தலையைக் குனிந்து நின்றார். அவள் மாட்டை அவிழ்த்தாள். அது அவள் தோளில் முகத்தைத் தேய்த்தது. ஒட்டிக் கிடந்த அதன் வயிற்றைத் தடவியபடி கேட்டாள்:

“ஏனுங்ணா, இரவல் கேட்டதும் அவுத்துக் குடுத்தனே, காத்தாலிருந்து ஒரு பிடி சோளத்தட்டுகூடப் போடலீங்களா?”