வலது சிறுநீரகத்தின் வாய்

உடம்பின் உறுப்புகளுக்குக் குரல் கொடுக்கும் பெட்டியை இடுப்பில் கட்டிய நாளிலிருந்து மாயழகுவின் இரண்டு சிறுநீரகங்களும் பேச ஆரம்பித்துவிட்டன. பருத்திக்கு மருந்தடிக்கிற எல்லாருக்கும் அந்தப் பெட்டி கட்டாயம்.

“அண்ணே, காத்துக்கு எதிரா அடிக்காதீங்க!” என்று கத்தியது வலது.

“பொத்திக்கிட்டுக் கிட” என்று மாயழகு பீடியைப் பற்றவைத்தான்.

“மருந்துக் கையோட பீடியா? காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிச்சீங்களா?”

பக்கத்துத் தோட்டத்தில் களையெடுத்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாயழகுவுக்கு மானமே போய்விட்டது.

“என் பொண்டாட்டிகூட இந்தக் கத்து கத்தினதில்ல. அந்த இடதைப் பாரு! ஆரம்பத்துல உன்னைவிடப் பெரிய வாயாடி அது. நான் ஒரு அதட்டு அதட்டினேன், நாலு நாளா மூச்சு விடல. சொன்னாப் புரிஞ்சுக்கிற பிள்ளை!”

வலது முதல்தடவையாகக் குரலைத் தாழ்த்தியது.

“நானும் நாலு நாளா அவனைக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேண்ணே. பதிலே இல்ல. அவன் வேலையையும் சேர்த்து நான்தான் பாக்குறேன்.”

மாயழகு பீடியைக் கீழே போட்டான். மருந்து டேங்கை முதுகிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டிருந்த பெண்களிடமே போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டான்.