ஆறினால் வட்டம்

இன்னும் ஐந்து நிமிடத்தில் நாகவல்லியின் மானம் கப்பலேறப்போகிறது. அதற்குக் காரணமான கணவர் கங்காதரன் முதல் வரிசையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா அண்ணாத்தே, ஃபேன் ஓடிகினுதானே கீது?” என்றான் தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்து லேத்தில் வேலை செய்யும் டில்லிபாபு.

ஆவடி ராணுவ டாங்கித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் மகளிர் மன்றத்தின் கைவேலைக் கண்காட்சி. நாகவல்லி பெயரில் வைத்திருந்த வட்டப் பொட்டுகளைக் கொக்கி ஊசியால் பின்னிச் சேர்த்த போல்கா டாட் குரோஷா விரிப்புக்கு முதல் பரிசு. “ஒரே ஒரு பொட்டு மட்டும் இங்க போட்டுக் காட்டுங்க,” என்று மேடையிலேயே ஊசியையும் நூலையும் அவள் கையில் கொடுத்துவிட்டார் தலைவி வசந்தகுமாரி.

அந்த விரிப்பு கங்காதரன் செல்போனில் வீடியோ பார்த்துப் பின்னியது. நாகவல்லி குரோஷா ஊசியைத் தொட்டுக்கூட அவர் பார்த்ததில்லை. டாங்கிக்கு உதிரிபாகம் கடைகிற டர்னர் நூல்கண்டோடு மல்லுக்கட்டுகிறார் என்று தெரிந்தால் கேன்டீனில் நிம்மதியாக டீ குடிக்க முடியுமா? “உன் பேர்ல வச்சிடு,” என்று மனைவி தலையில் கட்டியிருந்தார்.

இந்தக் கலையில் அவராகக் கண்டுபிடித்த ரகசியம் ஒன்று உண்டு. பின்னி முடிக்கும்போது பொட்டு முட்டையாகத்தான் இருக்கும். பீரோவில் வைத்துவிட்டு டூட்டிக்குப் போய்வந்தால் வட்டமாகிவிடும். கடைந்த இரும்பே ஆறிய பிறகுதானே அளவுக்கு வருகிறது. நூலுக்கு மட்டும் வேறு சட்டமா?

மேடையிலிருந்து நாகவல்லி அவரையே பார்த்தாள். காப்பாற்றச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு கங்காதரன் எழுந்தார்.

“அவள விட்டுடுங்கம்மா. அதைப் போட்டது நான்.”

அரங்கு கொல்லென்று சிரித்தது. “அண்ணாத்தே, அப்டியே எனக்கு ஒரு ஸ்வெட்டரு,” என்றான் டில்லிபாபு.

“அப்போ நீங்களே வந்து போட்டுக் காட்டுங்க சார்,” என்றார் வசந்தகுமாரி.

போட்டார். வெள்ளை நூலில் அசல் கோழிமுட்டை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து மைக்கைப் பிடித்தார். “அவசரப்படாதீங்க. ஆறினா வட்டமாயிடும்.”

நாகவல்லி அவர் கையிலிருந்து ஊசியை மெல்ல வாங்கினாள். முட்டையைச் சரசரவென்று பிரித்து, அதே நூலில் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல ஒரு வட்டம் போட்டு, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“நீ... எப்படிடி?”

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவள் சொன்னாள்: “தினமும் நீங்க டூட்டிக்குப் போனதும் எனக்கு இதாங்க வேலை.”