நாட்டோ கிண்ணம்

"இன்னைக்கும் வேண்டாமா? நாட்டோவுக்குப் பேர்போன மிதோவுல பிறந்துட்டு அது பிடிக்காதுங்கிற முதல் ஆள் நீங்கதான் பெரியவரே!"

பக்கத்துக் கட்டிலிலிருந்து குவபாரா சிரித்தார். உடைந்த காலுக்குத்தான் கட்டு, வாய்க்கு இல்லை. அவர் ஒசாகாக்காரர். புளித்து நூல் நூலாக இழுக்கும் அந்த சோயாவின் வாடையே அவருக்கு ஆகாது.

இசாகு கிண்ணத்தின் மூடியைக்கூடப் பிரிக்காமல் தள்ளி வைத்தார்.

நிமோனியா போய்விட்டது. ஆனால் அதற்குக் கொடுத்த மருந்து வயிற்றைக் கெடுத்துவிட்டது. எது உள்ளே போனாலும் நிற்பதில்லை. சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு. ஆள் நாளுக்கு நாள் துரும்பாகிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் ஓமோரி கெஞ்சினாள்.

"ஐயா, அந்த மருந்து கெட்ட கிருமியோட சேர்த்து நல்லதையும் அழிச்சிடுச்சு. நாட்டோல இருக்கிறது நல்ல கிருமி. விதை மாதிரி ஓட்டுக்குள்ள தூங்கும். வெந்நீருக்கும் சாகாது, வயித்துப் புளிப்புக்கும் அசையாது. குடலுக்குப் போய்த்தான் கண் முழிக்கும். டாக்டரே சாப்பிடலாம்னுட்டார். ஒரே ஒரு வாய்..."

"பிடிக்காதும்மா."

சாயங்காலம் மகன் யசுஷி வந்தான். சாக்கே மது வடிக்கும் ஆலையில் வேலை. தினமும் வேலை முடிந்ததும் நேரே இங்கேதான் வருவான். அப்பாவின் காலைப் பிடித்துவிட்டபடி ஏதாவது பேசிக்கொண்டிருப்பான். இசாகுவின் முகத்தில் உயிர் தெரிவது அப்போது மட்டும்தான்.

குவபாராவுக்கு நாக்கு சும்மா இருக்குமா?

"தம்பி, உங்கப்பா பச்சைக் குழந்தையை விட மோசம். டாக்டர் சொல்லியும் நாட்டோவைத் தொட மாட்டேங்கிறார். பிடிக்காதாம்!"

யசுஷியின் கை நின்றது. "பிடிக்காதுன்னா சொன்னார்?"

இசாகு அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடிய அந்தக் கண்களைப் பார்த்த யசுஷி, சட்டென்று எழுந்தான்.

"அப்பா, ஆலையில எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு. தினமும் வந்து உங்க காலைப் பிடிச்சுக்கிட்டிருக்க முடியாது. செர்ரி பூக்கிற வரைக்கும் இந்தப் பக்கமே வரமாட்டேன். எதிர்பார்க்காதீங்க!"

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

"பெத்த அப்பன்கிட்ட பேசுற பேச்சா இது?" குவபாரா கொதித்தார். "நல்ல பிள்ளையைப் பெத்தீங்க!"

இசாகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில்தான் அதிசயம். இசாகு நாட்டோவின் மூடியைப் பிரித்தார். குச்சியால் நன்றாகக் கலக்கி, சோற்றில் போட்டு, கடைசிப் பருப்பு வரை வழித்துச் சாப்பிட்டார்.

"பிடிக்காதுன்னீங்க?" குவபாரா மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"பசிக்குது."

காலிக் கிண்ணத்தைக் குப்பையில் போடாமல் மேஜை டிராயருக்குள் வைத்தார்.

"அந்த நாத்தத்தை எதுக்குப் பத்திரப்படுத்துறீங்க?"

"கிடக்கட்டும்."

அன்றிலிருந்து தினமும் அப்படியேதான். மெல்ல மெல்ல வயிறு அடங்கியது. கன்னத்தில் சதை பிடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கவும் ஆரம்பித்தார். ஓமோரிக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

மகன் மட்டும் வரவில்லை. குவபாராவின் மனசு ஆறவே இல்லை. 'இப்படியும் ஒரு பிள்ளையா?'

சாயங்காலங்களில் குவபாராவுக்கு நடைப்பயிற்சி. அன்று ஊன்றுகோலோடு முதல் தடவையாக ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தார். கார்கள் நிற்கும் இடத்தில், குளிர்காற்றில் கைகளைத் தேய்த்துக்கொண்டு யசுஷி நின்றிருந்தான்.

"ஏய்யா! இவ்வளவு தூரம் வரத் தெரியுது, மாடி ஏறி அப்பன் முகத்தைப் பார்க்கக் கசக்குதா?"

அடிக்கப் போகிறவர் மாதிரி நெருங்கினார். யசுஷி பதறிப் பின்வாங்கினான்.

"கிட்ட வராதீங்க ஐயா! அப்பா ரூம்லேர்ந்துதானே வர்றீங்க?"

"ஏன், எனக்கென்ன தொத்துவியாதியா?"

"நாட்டோ!" என்றான் அவன். "வேக வெச்ச அரிசியில பூஞ்சை வளர்க்கிற அறையில எனக்கு வேலை. அந்தப் பூஞ்சை இல்லேன்னா சாக்கேயே இல்ல. நாட்டோ கிருமி துளி என் சட்டையில ஒட்டிட்டு உள்ள போனா, அத்தனை அரிசியும் பிசுபிசுத்துப் பாழாயிடும். கழுவினாலும் சுலபத்துல சாகாதே! செர்ரி பூக்கிற வரைக்கும் மது வடிக்கிற பருவம்; அதுவரைக்கும் நாங்க யாரும் அதைத் தொடமாட்டோம். சாப்பிட்டவங்க பக்கத்துலகூடப் போகமாட்டோம். அப்பாவும் அதே அறையில வேலை பார்த்தவர்தான்."

"அப்போ, பிடிக்காதுன்னு சொன்னது..."

"நாட்டோன்னா அவருக்கு உயிர் ஐயா! நான் தினமும் வர்றேனேன்னுதான் தொடல. 'நான் வரல, நீங்க சாப்பிடுங்க'ன்னா கேட்கிற ஆளா? 'நீ வா, எனக்கு அது வேண்டாம்'னுதான் சொல்வார். அதான் கத்திட்டுப் போனேன். ஆனா தினமும் இங்கே வந்து நின்னுட்டுத்தான் போறேன்."

குவபாராவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அது நடிப்புன்னு பெரியவருக்குத் தெரியுமா?"

 யசுஷி ஈரக் கண்ணோடு சிரித்தபடி மேலே கை காட்டினான்.

மாடி ஜன்னலில், எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றிருந்தார் இசாகு. கையில் இருந்த நாட்டோ கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலி என்று மகனுக்கு ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கிண்ணத்தை இசாகுவின் பக்கம் நகர்த்தினார் குவபாரா.

"மிச்சம் வைக்காம சாப்பிடுங்க பெரியவரே. சாயங்காலம் காட்டணும்ல!"