சந்தை பார்த்த ஆடு

"சந்தையில கைமாறின ஆடு தலைமைக்கு நிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவன் எவன்டா? அவன் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று பட்டி அதிரக் கத்தியது மொட்டைக்கொம்பன் கிடா.

அன்று பட்டியில் தேர்தல். போட்டியிட்ட மூன்று கிடாக்களும் அங்கேயே பிறந்து, ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்து வளர்ந்தவை. மொட்டைக்கொம்பன் நிறுத்த நினைத்த சுட்டி என்ற பெட்டையோ பல சந்தை பார்த்த ஆடு. லாரியில் நின்றபடியே ஊர் ஊராய்ப் போய், கடைசியில் கசாப்புக்காரன் கொல்லையிலிருந்து தப்பி வந்தது.

"சந்தையில தரகனுங்க துண்டுக்கு அடியில விரல் பிடிச்சு விலை பேசின சரக்கு நமக்குத் தலைவியா?" என்று கிடாக்கள் சிரித்தன.

அந்த நேரம் பார்த்து ஏரிக்கரை உடைந்தது. பட்டிக்குள் புகுந்த தண்ணீர் குட்டிகளின் வயிற்றைத் தொட்டது.

"மேய்ப்பன் வந்து வாசல் படலைத் திறப்பான், பொறுங்க" என்றது ஒரு கிடா. அடுத்ததும் அதையே சொன்னது. மூன்றாவதற்கும் வேறு யோசனை இல்லை.

சுட்டி கொல்லையில் பழகிய வித்தையைக் காட்டியது. படலின் கயிற்றுச் சுருக்கைப் பல்லால் பிடித்து இழுக்க, படல் சாய்ந்தது. "குட்டிகளை நடுவுல விடுங்க. லாரியில நிக்கிற மாதிரி ஒட்டிக்கிட்டே நடங்க, வெள்ளம் இழுக்காது."

மந்தை முழுசும் மேடேறியது.

"அடேயப்பா, ஒரே பிறவியில எத்தனை பிறவி வாழ்ந்திருக்கா இவ!" என்று மொட்டைக்கொம்பன் பூரித்தது. உடனே கோபம் திரும்பியது.

"சட்டம் போட்ட மகராசா, நீ எவனா இருந்தாலும் சரி! இவ பின்னால நடந்து பிழைச்சவங்கள்ல நீயும் ஒருத்தன்தானே? முன்னால வா. உன் வாயாலயே அந்தச் சட்டம் செல்லாதுன்னு சொல்லிட்டு, இவ பேரைச் சேர்த்துத் தேர்தலை நடத்து!"