யாரும் கேட்காத பெட்டி

"குடிமை உரிமைன்னா என்ன, அந்தச் சொல் எப்படி வளர்ந்துச்சுன்னு பார்க்கணும் மேடம்."

அகராதி அலுவலகத்தில் இருபது வருடமாக அந்தச் சொல்லுக்கான அட்டைகள் இருந்த பெட்டியை யாரும் கேட்டதில்லை. தொகுப்பாசிரியைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"முதல்ல சொத்து இருக்கிற ஆம்பளைக்கு மட்டும்தான் சார். அப்புறம் சொத்தில்லாதவங்க, பொம்பளைங்க, கடைசியா எல்லாரும். இந்தச் சொல்லைப் புழங்குறவங்களே எழுதி அனுப்பின அட்டைங்க இது. நிதானமா பாருங்க."

வந்தவர் மாலைவரை தலை நிமிராமல் குறிப்பெடுத்தார். தேநீர் வைக்கப் போன தொகுப்பாசிரியை எட்டிப் பார்த்தாள்.

"சார், அர்த்தமெல்லாம் முன்பக்கம். பின்னாடி அனுப்பினவங்க பேரும் விலாசமும்தான் இருக்கு."

"தெரியும் மேடம்," என்றார் அவர் சாந்தமாக. "இந்தக் கடைசி அட்டை நீங்க எழுதினதுதானே? வீட்டு நம்பர் மட்டும் அழிஞ்சிருக்கு. கொஞ்சம் சொல்றீங்களா?"